பகற்கனவு வழியே கதாபாத்திரத்தின் குணத்தைப் படிப்பது: முழுமையான வழிகாட்டி

கணவன் நள்ளிரவில் வீடு திரும்புகிறான். மனைவி தூங்குகிறாள் என்று நினைத்து, அவளை எழுப்ப மனம் வராமல் குழந்தையின் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மகள் வளர்வாள், பள்ளிக்கூடம் போவாள், சட்டையில் மைக்கறையோடும் கையில் கூடையோடும் சிரித்துக்கொண்டே சாயங்காலம் வீடு வருவாள். அப்புறம் விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்கு நிறையச் செலவாகுமே, என்ன செய்வது? பக்கத்தில் ஒரு சின்னப் பண்ணையைக் குத்தகைக்கு எடுக்கலாம், வருமானத்தைச் சேமிப்பு வங்கியில் போடலாம் என்று அவன் யோசனை ஓடுகிறது.

மனைவி உண்மையில் தூங்கவில்லை. தூங்குவதுபோல் கிடக்கிறாள். அவன் கண் அசந்ததும் அவளுக்குள் வேறு ஓர் உலகம் விழித்துக்கொள்கிறது. நான்கு குதிரை பூட்டிய வண்டி எட்டு நாளாக அவளை ஏதோ புது நாட்டுக்கு இழுத்துக்கொண்டு பறக்கிறது. கூடவே ஒருவன். இருவரும் கைகோத்தபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் போகிறார்கள். குவிமாடங்கள், பாலங்கள், கப்பல்கள், எலுமிச்சைக் காடுகள், வெள்ளைப் பளிங்குக் கோயில்கள். கடைசியில் கடலோரத்தில் பனைமர நிழலில் ஒரு வீடு. அந்த நேரத்தில் தொட்டிலில் குழந்தை இருமுகிறது, இல்லையென்றால் கணவனின் குறட்டை கூடுகிறது.

குஸ்தவ் ஃப்ளாபேர் எழுதி 1857-ல் நூலாக வந்த 'மதாம் பொவாரி' நாவலில் ஷார்லும் எம்மாவும் இப்படி ஒரே கட்டிலில் இரண்டு கனவு காண்கிறார்கள். ஒரு கதாபாத்திரத்தை எப்படிப் படிப்பது என்று யார் கேட்டாலும் நான் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். நடத்தை மற்றவர்கள் பார்க்க நடப்பது. பேச்சு மற்றவர்கள் கேட்கப் பேசுவது. பகற்கனவுக்கு மட்டும் பார்வையாளர் கிடையாது. அங்கே அந்த மனிதர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் வேடம் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்கள் கனவில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. அது எதனால் தொடங்கியது? அதில் யார் இல்லை? அது எங்கே உடைந்தது? இந்த வழிகாட்டியின் பாதி இந்த மூன்றைப் பற்றியதுதான்.

எடுத்துக்காட்டாக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் எம்மா. இன்னொருவர் வால்டர் மிட்டி, 1939-ல் 'நியூயார்க்கர்' இதழில் ஜேம்ஸ் தர்பர் எழுதிய சிறுகதையின் நாயகன். இரண்டு கதையின் முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் படிக்க விரும்புகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: பெயரடைகளைத் தள்ளி வையுங்கள்

கதையை ஒருமுறை சும்மா படியுங்கள். இரண்டாம் முறை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து, அந்தக் கதாபாத்திரம் செய்தது ஒன்றில், சொன்னது ஒன்றில், அவரைப் பற்றிப் பிறரும் கதைசொல்லியும் சொன்னது ஒன்றில் எழுதுங்கள். நான்காவதாக ஒரு பத்தியை வெறுமையாக விடுங்கள். அது கனவுக்கு.

இந்தக் கட்டத்தில் 'கோழை', 'சுயநலக்காரி', 'அப்பாவி' போன்ற சொற்கள் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 'மிட்டி கோழை' என்பது உங்கள் தீர்ப்பு. 'மனைவி கையுறை போடச் சொன்னாள், போட்டான், அவள் இறங்கிப் போனதும் கழற்றினான், சிக்னலில் போலீஸ்காரர் அதட்டியதும் மறுபடி போட்டுக்கொண்டான்' என்பது சான்று. இந்தச் சான்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கோழை என்ற சொல் போதாது என்று தெரியும். நேருக்கு நேர் எதிர்க்க மாட்டான், தனியாக விட்டால் தன் இஷ்டப்படி செய்வான், அதிகாரக் குரல் கேட்டால் உடனே பழைய இடத்துக்குத் திரும்புவான். மூன்று வேறு வேறு குணங்கள் ஒரு ஜோடி கையுறையில் இருக்கின்றன.

படி 2: ஐந்து அளவுகோல்கள்

இன்றைய ஆளுமை உளவியலில் அதிகம் பயன்படுவது ஐந்து பெருங்குணங்கள் என்ற முறை. புதிய அனுபவத்துக்கும் கற்பனைக்கும் மனம் திறப்பது புதுமை நாட்டம். ஒழுங்கு, கடமை, தொடங்கியதை முடிப்பது எல்லாம் பொறுப்புணர்வு. மனிதர்களிடமிருந்தும் பரபரப்பிலிருந்தும் உற்சாகம் பெறுவது புறநாட்டம். விட்டுக்கொடுப்பதும் நம்புவதும் இணக்கம். கவலை, கோபம், மனத்தளர்ச்சி ஆகியவை எளிதில் வருவது மனச்சஞ்சலம்.

இவை பெட்டிகள் இல்லை, அளவுகோல்கள். ஒருவரை 'புறநாட்டக்காரர்' என்று முத்திரை குத்துவதற்காக இல்லாமல், அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறார் என்று கேட்பதற்காக வந்தவை. நான்கு எழுத்தில் ஆளைச் சொல்லிவிடும் பதினாறு வகைச் சோதனைகளை நான் கதைகளுக்குப் பயன்படுத்துவதில்லை. பெட்டியில் போட்டு மூடிவிட்டால் அப்புறம் அந்த ஆளைத் திறந்து பார்க்கத் தோன்றாது.

இதில் கதை வாசகர்கள் கவனிக்காமல் விடுவது உட்கூறுகளை. பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் 1992-ல் திருத்தி வெளியிட்ட வினாப்பட்டியலில் ஒவ்வொரு பெருங்குணத்துக்கும் ஆறு உட்கூறுகள், மொத்தம் 30. புதுமை நாட்டத்தின் ஆறில் ஒன்று கற்பனை. இன்னொன்று செயல், அதாவது புது இடம், புது உணவு, புது வழக்கம் என்று உண்மையிலேயே முயன்று பார்ப்பது. ஒருவருக்குக் கற்பனை மிக உயரமாகவும் செயல் மிகத் தாழ்வாகவும் இருக்கலாம். மிட்டி அப்படித்தான். 'புதுமை நாட்டம் அதிகம்' என்று மொத்தமாக எழுதினால், அந்த மனிதனின் வாழ்க்கையே எந்தப் பிளவில் கிடக்கிறதோ அந்தப் பிளவை நீங்களே பூசி மறைத்துவிடுவீர்கள்.

ஐந்து கோடு வரையுங்கள். ஒவ்வொன்றிலும் புள்ளி வைக்கும்போது, அதற்கு ஆதாரமாகக் குறைந்தது இரண்டு காட்சி காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சி கிடைக்காத கோடு காலியாகவே இருக்கட்டும். சிறுகதையில் பெரும்பாலும் இரண்டு கோடு காலியாக இருக்கும், அதில் தவறில்லை.

படி 3: கனவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

'அவள் கனவு கண்டாள்' என்று எழுதிவிட்டுத் தொடங்கும் எழுத்தாளர் நமக்கு வேலை வைப்பதில்லை. நல்ல எழுத்தாளர்கள் பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை. தர்பர் கதையின் முதல் வரியே கனவுக்குள் இருக்கிறது. ஒரு கடற்படைத் தளபதி புயலுக்குள் கலத்தைச் செலுத்துகிறான். கார் வேகமாகப் போகிறது என்று மனைவி அதட்டும்போதுதான் நாம் காரில் இருப்பது நமக்குத் தெரிகிறது.

தமிழ்க் கதைகளில் எனக்கு உதவும் அடையாளம் வினைமுற்று. 'வந்தான், பார்த்தான்' என்று இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருக்கும் நடை, அறிவிப்பில்லாமல் 'வருவான், பார்ப்பான், இவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்' என்று மாறினால் நாம் ஒரு தலைக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். மறுபடி இறந்தகாலம் வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பதுதான் உங்கள் நான்காவது பத்தி.

படி 4: ஒவ்வொரு கனவையும் ஐந்து கேள்வி கேளுங்கள்

இதுதான் இந்த முறையின் நடுப்பகுதி. இங்கே அவசரப்படாதீர்கள். கேள்விகள்: எது தூண்டியது? அதில் இவர் யார்? யார் இல்லை? எங்கே உடைந்தது? உடைந்த பின் இவர் என்ன செய்தார்?

மிட்டிக்கு அந்தக் கதையில் ஐந்து கனவுகள். மனைவியோடு காரில் வாட்டர்பரி நகரத்துக்குப் போகிறான். அவள் முடி அலங்காரம் செய்துகொள்ளப் போகிறாள். அவன் மழைக்கால மேற்செருப்பும் இன்னொரு பொருளும் வாங்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

தூண்டல்களைப் பாருங்கள். கார் 55 மைல் வேகத்தில் போகும்போது கடற்படைக் கலம். ஒரு மருத்துவமனையைக் கடக்கும்போது அறுவை மேசை. பேப்பர் விற்கும் பையன் ஒரு வழக்கைப் பற்றிக் கூவும்போது நீதிமன்றம். ஹோட்டல் கூடத்தில் பழைய பத்திரிகையில் விமானப்படை பற்றிய கட்டுரை கண்ணில் பட்டதும் குண்டுவீச்சு விமானம். மருந்துக்கடைச் சுவரில் சாய்ந்து சிகரெட் பற்றவைக்கும்போது துப்பாக்கிப் படையின் முன்னால் மரண தண்டனை. ஐந்தும் வெளியிலிருந்து வந்தவை. கனவு காணலாம் என்று அவன் உட்காரவில்லை. கையில் சிக்கிய நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறான். படக்படக் என்று ஒரே எந்திரச் சத்தம் ஐந்தில் மூன்று கனவில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உலகத்தின் ஓசை அவன் காதில் விழுகிறது, வேறொன்றாகப் பதிகிறது.

அவன் யார்? தளபதி, அறுவை மருத்துவர், குறி தப்பாத துப்பாக்கி வீரன், விமானி, தண்டனைக் கைதி. வேடம் மாறினாலும் உள்ளே இருப்பது மாறவில்லை. எல்லாரும் அவன் வாயையே பார்க்கிறார்கள், அவன் குறைவாகப் பேசுகிறான், யாரும் அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. அறுவைக் கனவில் மயக்க மருந்து எந்திரம் பழுதாகிறது. அவன் ஒரு பேனாவைச் செருகிச் சரிசெய்கிறான். அடுத்த நிமிடம் நிஜத்தில் தப்பான வழியில் காரை நிறுத்துகிறான், அங்கே வேலை பார்க்கும் பையன் தானே காரை எடுத்துச் சரியாக நிறுத்துகிறான். டயரில் மாட்டிய பனிச் சங்கிலியைக் கழற்றத் தெரியாமல் அச்சில் சுற்றிக்கொண்டதும், மெக்கானிக் வந்து பல்லைக் காட்டியதும் அவனுக்கு நினைவு வருகிறது. வீரம் அவன் ஆசையின் மேல்தோல்தான். கையில் எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவனாக ஒருமுறையாவது பார்க்கப்பட வேண்டும் என்பதுதான் அடியில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அவனைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை.

யார் இல்லை? மனைவி. ஐந்து கனவிலும் அவள் இல்லை. அவளைப் பழிவாங்கும் காட்சியும் இல்லை. அவன் கை ஓங்குவது ஒரே ஒரு முறை, நீதிமன்றத்தில் ஒரு பெண்ணை அடித்த அரசு வழக்கறிஞர்மேல். கோபம் இருக்கிறது, ஆனால் முகம் மாற்றிக்கொண்டுதான் வெளியே வருகிறது. இணக்கம் என்ற கோட்டில் புள்ளி வைக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எங்கே உடைகிறது? முதல் கனவை மனைவியின் குரல் உடைக்கிறது. இரண்டாவதை கார் நிறுத்துமிடத்துப் பையனின் கத்தல். நான்காவதில் மனைவி தோளில் தட்டுகிறாள். மூன்றாவதில்தான் ஒரு விசேஷம். வழக்கறிஞரை நாயே என்று திட்டும்போது, தான் வாங்க மறந்த இரண்டாவது பொருள் நாய்க்குட்டி பிஸ்கட் என்று அவனுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது! நிஜத்தில் எவ்வளவு யோசித்தும் வராதது கனவின் வழியே வருகிறது. அவனுடைய கனவு வெறும் தப்பித்தல் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

ஐந்தாவது கனவு உடையவே இல்லை. கதை அதற்குள்ளேயே முடிகிறது. ஐந்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் ஒரு கலத்தையும் அதிலிருக்கும் எல்லாரையும் காப்பாற்றுகிறவன், கடைசியில் தன்னைக்கூடக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல், தலை குனியாமல் சாவது ஒன்றே மிச்சம் என்ற இடத்துக்கு வருகிறான். தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாது. கனவுகளின் வரிசையும் ஒரு சான்று.

படி 5: எந்த வகைக் கனவு?

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர் 1960-களிலிருந்து பகற்கனவைப் பற்றியே ஆராய்ந்தவர். மக்கள் பகற்கனவு காணும் விதத்தை அவர் மூன்று பாணியாகப் பிரித்தார். ஒன்று, மனசுக்குப் பிடித்து, விளையாட்டாக, ஆக்கபூர்வமாக ஓடுவது. இரண்டாவது, குற்ற உணர்வும் தோல்விப் பயமும் கலந்து வாட்டுவது. மூன்றாவது, எதிலும் நிலைக்காமல் கவனம் சிதறுவது.

நம் பேச்சில் இவற்றுக்கு ஏற்கனவே சொல் உண்டு. மனக்கோட்டை கட்டுகிறான் என்கிறோம். கட்டுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். மனப்பால் குடிக்கிறான் என்கிறோம். கையில் வராததை வந்ததாக ருசிப்பது. நினைத்து நினைத்து மருகுகிறாள் என்பது வேறு. எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது இன்னும் வேறு. கதையைப் படிக்கும்போது இந்தச் சொற்களில் எது வாயில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சரியாக இருக்கும்.

சிங்கரின் ஆய்வுகளில் முதல் பாணி புதுமை நாட்டத்தோடும், இரண்டாவது மனச்சஞ்சலத்தோடும், மூன்றாவது பொறுப்புணர்வு குறைவதோடும் சேர்ந்து வந்தன. இது சராசரிப் போக்கு, சட்டம் இல்லை. ஆனால் படி 2-ல் நீங்கள் வைத்த புள்ளிகளைச் சரிபார்க்க மிகவும் உதவும். நடத்தை ஒன்று சொல்லி, கனவின் பாணி வேறொன்று சொன்னால் அங்கே நின்று மறுபடி படியுங்கள். அந்த முரண்பாட்டில்தான் எழுத்தாளர் எதையோ வைத்திருப்பார்.

படி 6: கனவில் தடை இருக்கிறதா?

கப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் சொல்வது இது. ஆசை நிறைவேறியதாக மட்டும் கற்பனை செய்து மகிழ்கிறவர்களுக்கு முயற்சி குறைகிறது. ஆசையோடு வழியில் இருக்கும் தடையையும் சேர்த்து நினைக்கிறவர்கள் அதிகம் முயல்கிறார்கள். கதாபாத்திரங்களைப் படிக்க இது ஒரு அருமையான கருவி.

ஷார்ல், எம்மா கனவுகளுக்குத் திரும்புங்கள். ஷார்லின் கனவில் தடை இருக்கிறது: செலவாகுமே, என்ன செய்வது? அந்தக் கேள்வியிலிருந்துதான் பண்ணையும் சேமிப்பும் வருகின்றன. கறை படிந்த சட்டை, கோடைக்குத் தொப்பி, பியானோ வகுப்பு, அப்பாவுக்குத் தையல் பூ வேலை செய்த செருப்பு என்று அவன் கனவு முழுக்க வீட்டுப் பொருள்கள். புத்தி மந்தம் என்று நாவல் முழுக்க நினைக்க வைக்கப்பட்ட மனிதனின் கனவுதான் அந்த அறையில் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எம்மாவின் கனவில் தடை இல்லை. பணம் இல்லை, வழியில் சத்திரம் இல்லை, பேச்சு இல்லை. கூட வருகிறவனுக்கு முகம் இல்லை. மகளும் இல்லை. நாட்கள் எல்லாம் அழகாக, கடல் அலை மாதிரி ஒன்றுபோலவே இருக்கின்றன. முகமுள்ள யாரும் இல்லாத அந்தக் கனவில் எம்மாவுக்கு வேண்டியது ஒரு மனிதனா, ஒரு இடமா? இடம் என்றுதான் நான் படிக்கிறேன்.

ஃப்ராய்டு 1907-ல் வியன்னாவில் எழுத்தாளர்களையும் பகற்கனவையும் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். நிகழ்காலத்தில் ஏதோ ஒன்று தூண்ட, மனம் பழைய நினைவு ஒன்றுக்குப் போய், அதிலிருந்து ஓர் எதிர்காலத்தைச் செய்கிறது என்றார். அவருடைய பல கருத்துகளை ஏற்காதவர்கள்கூட இந்த மூன்று காலக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். எம்மாவுக்கு அந்தப் பழைய நினைவு இரண்டு. ஒன்று, கன்னிமாடப் பள்ளியில் ஒளித்துப் படித்த காதல் நாவல்கள். இன்னொன்று, ஒரே ஒரு இரவு ஒரு பிரபுவின் மாளிகையில் ஆடிய நடனம். அந்த விருந்திலிருந்து திரும்பும் வழியில் கிடைத்த பச்சைப் பட்டு உறை போட்ட சுருட்டுப் பெட்டியை அவள் அலமாரியில் மறைத்துவைத்து அவ்வப்போது எடுத்து முகர்ந்து பார்க்கிறாள்.

படி 7: 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வார்' வாக்கியங்கள்

உளவியலாளர் வால்டர் மிஷல் 1968-ல் எழுதிய புத்தகத்தில், ஒரே மனிதர் எல்லாச் சூழலிலும் ஒரே மாதிரி நடப்பார் என்ற எண்ணத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். பிறகு யூயிச்சி ஷோடாவோடு சேர்ந்து, குணம் என்பது 'இந்தச் சூழல் என்றால் இந்தச் செயல்' என்ற ஒழுங்கில் தெரியும் என்று காட்டினார். கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

எம்மாவுக்கு நான் எழுதிவைத்த வாக்கியம்: ஒரு கனவு பிடித்தால் அல்லது உடைந்தால், அடுத்த வேடத்துக்கு வேண்டிய பொருளை வாங்குவாள். சான்றுகள் வரிசையாக நிற்கின்றன. பாரிஸ் கனவு வந்ததும் அந்த நகரத்தின் வரைபடம் வாங்கி, விரல் நுனியால் தெருத் தெருவாகப் போகிறாள். கடிதம் எழுத ஒருவரும் இல்லாதபோதே காகிதமும் பேனாவும் உறைகளும் வாங்குகிறாள். காதலன் ரொடோல்ஃபோடு ஓடிப்போக முடிவானதும் பயண மேலங்கியும் பெட்டியும் வியாபாரி லெரோவிடம் சொல்லிவைக்கிறாள். அவன் கைவிட்டதும் நோயில் விழுந்து, எழுந்து, புனிதவதியாக வேண்டும் என்று ஜெபமாலைகள் வாங்குகிறாள். கடைசியில் கடன்தான் அவளைக் கொல்கிறது. 'பேராசைக்காரி' என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் இந்த ஒழுங்கு கண்ணில் பட்டிருக்காது. மிட்டிக்குக் கனவு தலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எம்மாவுக்கு அது கடைக்குப் போகிறது.

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் இப்படி மூன்று வாக்கியம் எழுதப் பாருங்கள். மூன்றாவது கிடைக்கச் சிரமப்படும், பரவாயில்லை.

படி 8: கனவு வேறு, திட்டம் வேறு

எம்மாவை முதல்முறை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ரொடோல்ஃபும் அவளைக் கற்பனை செய்கிறான். ஆனால் அவன் மனம் உடனே கணக்குப் போடுகிறது. எங்கே சந்திப்பது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது, அப்புறம் இவளை எப்படிக் கழற்றிவிடுவது? காதல் தொடங்கும் முன்பே முடிவுக்கு வழி தேடுகிறவன். எம்மாவின் கனவில் முடிவே கிடையாது, நாட்கள் அலை மாதிரி போய்க்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தக் காதலின் கதி அங்கேயே தெரிந்துவிடும். படி, நாள், ஆள், செலவு இருந்தால் திட்டம் என்று குறியுங்கள். இவை இல்லாமல் ஒளியும் நிறமும் மட்டும் இருந்தால் கனவு.

படி 9: எங்கே நிறுத்த வேண்டும்

கதாபாத்திரத்துக்கு நோயின் பெயர் சூட்டாதீர்கள். இஸ்ரேலைச் சேர்ந்த உளவியலாளர் எலி சோமர் 2002-ல், வாழ்க்கையையே விழுங்கிவிடும் அளவுக்கான பகற்கனவுக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்தார். அதன்பிறகு மிட்டிக்கும் எம்மாவுக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவது சுலபமாகிவிட்டது. 1892-லேயே ழூல் த கோத்தியே என்ற பிரெஞ்சுக்காரர், தன்னை வேறொருவராக நினைத்துக்கொள்ளும் மனப்போக்குக்கு எம்மாவின் குடும்பப் பெயரையே வைத்து 'பொவாரிஸம்' என்றார். சோமர் வைத்த பெயர் நிஜ மனிதர்களின் துன்பத்துக்கு உதவ வந்தது. கதைக்கு அதனால் லாபம் குறைவு. பெயர் வைத்ததும் நாம் படிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

தவிர, மனம் அலைவது அவ்வளவு அபூர்வமும் இல்லை. 2010-ல் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியே அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அதனால் ஒரு கதாபாத்திரம் கனவு காண்கிறது என்பது தகவலே இல்லை. எந்த நேரத்தில், எதற்குப் பதிலாக என்பதுதான் தகவல்.

இன்னொரு எச்சரிக்கை. யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தை எழுதிவிடாதீர்கள். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே வர்ணனையைக் கொடுத்து, உங்களுக்கென்று தயாரித்தது என்றார். அவர்கள் தங்களுக்கு மிகப் பொருந்துவதாக மதிப்பெண் போட்டார்கள். 'வெளியே அமைதியானவர், உள்ளே ஆழமானவர்' என்று எழுதினால் உலகத்தில் பாதிப்பேர் அதில் அடங்குவார்கள். உங்கள் வாக்கியத்தில் மிட்டியின் பெயரை எடுத்துவிட்டு எம்மாவின் பெயரைப் போடுங்கள். அப்போதும் சரியாக இருந்தால் அடித்துவிடுங்கள்.

படி 10: எழுதுங்கள்

இப்போது நான்கு பத்திகளும் ஐந்து கோடுகளும் கையில் இருக்கின்றன. சில வரிகள் எழுதினால் போதும். காட்சியில் தொடங்கி, குணத்துக்கு வந்து, கனவில் சரிபாருங்கள். மிட்டிக்கு நான் எழுதியது:

'கையுறையைப் போட்டுக் கழற்றி மறுபடி போடும் இவனுக்கு எதிர்ப்பு உண்டு. அது யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் வெளிப்படும். கற்பனை உயரம், புதிதாகச் செய்து பார்க்கும் துணிவு தாழ்வு. வெளி உலகம் கொடுக்கும் எந்த நூலையும் பிடித்துக்கொண்டு, வேலை தெரிந்தவனாகத் தன்னைப் பார்க்கிறான். அவமானம் மனைவியால் வந்தாலும் கனவில் அவளைத் தொடுவதில்லை. நாய் பிஸ்கட்டை நினைவுபடுத்தியதும் இந்தக் கனவுதான். தானும் சில சமயம் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும் என்று மனைவியிடம் சொல்லிப்பார்க்கிறான். வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்கிறாள்.'

சொந்தமாகக் கதை எழுதுகிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம். பாத்திரத்தின் குணப் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன்னால், அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது காணும் கனவை அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். அந்த அரைப் பக்கம் கதையில் வர வேண்டியதில்லை.

படி 11: கனவை முடிவோடு வைத்துப் பாருங்கள்

கடைசியாக, குறித்துவைத்த ஒவ்வொரு கனவும் கதையின் முடிவில் என்ன ஆயிற்று என்று தேடுங்கள். சில நிறைவேறும், சில வேறு கைக்குப் போகும். எம்மா இறந்த பிறகு ஷார்ல் அவளுக்குப் பிடித்ததுபோல் பளபளக்கும் பூட்ஸ் போடத் தொடங்குகிறான், மீசைக்கு வாசனை மெழுகு பூசுகிறான், அவளைப் போலவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். அவள் கனவு அவனுக்குள் இடம் பெயர்ந்துவிட்டது. பிறகு அவனும் இறந்துபோகிறான். அவன் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு கட்டிய கோட்டையில் பியானோ வாசித்த, அப்பாவின் செருப்பில் பூ வேலை செய்த மகள் பெர்த், ஏழை அத்தை ஒருத்தியின் வீட்டிலிருந்து கூலிக்காகப் பஞ்சாலைக்குப் போகிறாள். ஃப்ளாபேர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். தொட்டிலருகே அந்த இரவை நோட்டில் குறித்துவைத்தவர்களுக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியாது.